ஏக்கமில்லாத மூக்கு

பெரிய ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் இல்லாத நோயாளியை யாருக்கும் பிடிக்காது. மருந்துக்கு ஓட, ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக, குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்தால் சிஸ்டரைக் கூப்பிட ஓர் ஆள் வேண்டும். ஆகவே பரோட்டா மாஸ்டர் கொம்பையாவை அவனுடைய முதலாளி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கடையில் ஆளில்லை என்று அதே ஆட்டோவில் திரும்பிப் போனதும், அவனை ஆண்கள் வார்டின் மூலைக் கட்டிலில் போட்டு எல்லோரும் மறந்துவிடுவதாகத்தான் இருந்தார்கள், ஆனால் தரை துடைத்துக்கொண்டிருந்த பேச்சியம்மா அந்தக் கட்டிலுக்குக் கீழே துடைப்பத்தை விட்டவள் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்து, "எம் பிள்ளைக படுத்த கோரப்பாயி வாசம் இங்க எப்பிடி வந்துச்சு?" என்று கேட்டாள். பிள்ளைகள் திருப்பூர் போய் வெகுகாலம் ஆகிறது. பக்கத்துக் கட்டிலில் மூச்சிழுப்போடு கிடந்த மீரான், தியேட்டர் இருந்த காலத்தில் படம் ஓட்டியவர், பாயாவது மண்ணாவது, இது சூடேறின புரொஜெக்டரும் பிலிம் சுருளும் இடைவேளை முறுக்கும் கலந்த வாசனை, நான் முப்பது வருஷம் சுவாசித்த காற்று, எனக்குத் தெரியாதா என்றார். எதிர்க் கட்டிலில் விலங்கோடு கிடந்த விசாரணைக் கைதி, காவலுக்கு உட்கார்ந்திருந்த போலீஸ்காரரைக் கூப்பிட்டு, விலங்கை மற்ற கைக்கு மாற்றிப் போடச் சொன்னான். அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டுமாம்.

விஷயம் இவ்வளவுதான். கொம்பையாவின் உடம்பிலிருந்து ஒரு வாசனை வந்தது. யார் கிட்டே போனாலும் அவரவர் எதற்கு ஏங்கினார்களோ அதன் வாசனை. ஏன், எப்படி என்று கேட்கிறவர்கள் வேறு இடம் பார்க்கலாம். அந்த வார்டில் யாரும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டியவர் டாக்டர் ஞானசிகாமணி. மூக்குதான் அவருடைய பாதிப் படிப்பு. கிட்னி கெட்டவன் மூச்சில் மூத்திர வாடை, ஈரல் கெட்டவன் மூச்சில் எலி செத்த மாதிரி ஒரு தித்திப்பு, சர்க்கரை ஏறி மயங்கினவன் வாயில் அழுகின பழம் என்று கட்டிலுக்குக் கட்டில் குனிந்து நிமிர்ந்து, ரத்தப் பரிசோதனை நாளைக்கு வரும், மூக்கு இன்றைக்கே இருக்கிறது என்று மருந்தைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். நின்று பேசமாட்டார். பேசவும் விடமாட்டார். நோயாளி மூன்றாவது வார்த்தையில் இருக்கும்போது அவர் மருந்தில் இருப்பார். பெரும்பாலும் அது சரியான மருந்தாகவும் இருக்கும். அதனால் யாரும் வாய் திறப்பதில்லை.

கொம்பையா வாய் திறந்தான். வாந்தியில் கண் செருகிக் கிடந்தவன், டாக்டரைக் கண்டதும் முழங்கையை ஊன்றி எழுந்து, "சார், எனக்குச் சின்ன வயசிலேருந்தே இந்த முட்டை, கறி..." என்று ஆரம்பித்தான்.

"சுருக்கமாச் சொல்லு. வாந்தி எப்ப ஆரம்பிச்சது?"

"முதலாளி மக கல்யாணத்துல, சார். பிரியாணி. நான் வேணாம்னுதான்..."

"சரி, சரி. நாக்கை நீட்டு."

நாக்கைப் பார்த்தார். கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். பிறகு வழக்கம்போல அவன் வாயருகே குனிந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார். சாக்பீஸ் தூள். கஞ்சி போட்டுத் தேய்த்த பருத்திச் சேலை. மழையில் நனைந்து கதவுக்குப் பின்னால் விரித்து வைத்த குடை. அவருடைய வீட்டில் இந்த மூன்றும் இருந்து பதினோரு வருஷம் ஆகிறது.

நிமிர்ந்து, "எனக்கு ஜலதோஷம். ரத்தம் எடுங்க," என்றார். தலைமை நர்ஸ் பாக்கியத்தாய் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவளுக்குக் கொஞ்ச நேரம் முன்பு அதே இடத்தில் அவளுடைய மகனின் முதல் மொட்டைத் தலையில் பூசின சந்தனம் மணத்திருந்தது. மகன் கனடாவில். தலையில் இப்போது முடியே இல்லை, போனில் பார்க்கிறாள்.

ரத்தம் அமிலம் ஏறிப் புளித்திருந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. சர்க்கரையால் புளிக்கவில்லை, கிட்னியால் புளிக்கவில்லை, விஷம் குடிக்கவில்லை. குளுக்கோஸ் ஏற்றினால் கண் திறந்தான். ஓரிரு நாளில் மறுபடி வாந்தி எடுத்துக் கண் செருகினான். இந்தப் புளிப்பு எதனால் என்று துருவிச் சொல்லும் சோதனை அந்த ஊரில் இல்லை. ரத்தத்தை ஐஸில் வைத்துப் பெங்களூருக்கு அனுப்பியிருந்தார்கள், பதில் வருவதற்குள் ஆள் இருப்பானா என்பதே கேள்வியாக இருந்தது. உடம்பு தேறட்டும் என்று ஞானசிகாமணி தன் வாயாலேயே அவனுக்கு இரட்டை முட்டை எழுதினார். ஆஸ்பத்திரி வழக்கம் அது. பலவீனம் என்றால் முட்டை, ரொம்பப் பலவீனம் என்றால் இரண்டு முட்டை.

மெடிக்கல் காலேஜிலிருந்து பேராசிரியர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் மாணவர்கள் புடைசூழ வந்து, நோயாளியின் வாடையும் ஒரு சாட்சியம் என்று பாடம் சொல்லிக்கொண்டே குனிந்து, வெகுநேரம் நிமிராமல் இருந்து, நிமிர்ந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். அடுத்த வாரம் விடுப்புப் போட்டுவிட்டு, சாதாரணச் சட்டையில், பார்வையாளர் வரிசையில் நின்றார்.

ஆம், வரிசை வந்துவிட்டது. ஊர் அந்த வாசனையை அப்படித்தான் தனக்குள் எடுத்துக்கொண்டது, புதுப் பேருந்து ஒன்று விட்டால் அதில் ஏறிக்கொள்வதுபோல. முதலில் மற்ற வார்டு நோயாளிகள் குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள், பிறகு அவர்களைப் பார்க்க வந்தவர்கள் வந்தார்கள், பிறகு ஆஸ்பத்திரியில் யாருமே இல்லாதவர்கள் ஆரஞ்சுப் பையோடு யாரோ ஒரு நோயாளியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள், பிறகு அந்தப் பெயரும் தேவைப்படாமல் போயிற்று. பேச்சியம்மா தரையில் பினாயில் ஊற்றுவதை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரால் துடைத்தாள். வெயில் காலமாயிருந்தும் மின்விசிறிகளை அணைத்துவிட்டார்கள், வாசனை கலையும் என்று. வேர்த்து வடிந்துகொண்டு எல்லோரும் சம்மதமாகக் கிடந்தார்கள். குணமாகி வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் நெஞ்சு வலிக்கிறது என்று திரும்பப் படுத்துக்கொண்டார்கள். மீரானின் கட்டிலை மாற்றிக்கொள்ள ஒரு கவுன்சிலரின் மைத்துனர் தூது விட்டபோது, "அவருக்கு இழுப்பு இருக்கா? இருந்தா வரச் சொல்லு, இடம் தாரேன்," என்று மீரான் சொல்லி அனுப்பினார்.

சண்டைகளும் நடந்தன. புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தவர்கள், உனக்கு என்ன மணத்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு, பேருந்து நிறுத்தம் போவதற்குள் பேச்சு நின்று தனித்தனிப் பேருந்தில் போனார்கள். அதனால், கேட்கக்கூடாது என்று ஒரு வழக்கம் உண்டாயிற்று. குனிவது, நிமிர்வது, நகர்வது. யாருக்கு என்ன என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

வெறுங்கையோடு வந்து மோந்துவிட்டுப் போக யாருக்கும் மனசு வரவில்லை. நோயாளிக்கு எது நல்லது? முட்டை. கேட் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தவன் டீயை விட்டுவிட்டு முட்டை அவிக்க ஆரம்பித்தான். ஆட்டுக்கால் சூப் வந்தது, கெட்டிப் பால் வந்தது, அயிரை மீன் குழம்பு வந்தது. பெண்கள் முட்டையைத் தோல் உரித்து, உப்பும் மிளகும் தொட்டு அவன் வாயில் வைத்து, "சாப்பிடுய்யா, சாப்பிட்டாத்தான் தேறும்," என்றார்கள். விவரம் தெரிந்ததிலிருந்து ஹாஸ்டலிலும் கடைக் கொட்டகையிலும் வளர்ந்த கொம்பையாவிடம் அதுவரைக்கும் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சாப்பிட்டியா என்று கேட்டிருக்கிறார்கள், சீக்கிரம் சாப்பிடு என்று அதட்டியிருக்கிறார்கள். இப்படி ஒருத்தி கையில் வைத்துக்கொண்டு காத்திருந்ததில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். குமட்டியது. ஆனாலும் அடுத்தவள் நீட்டியபோது அதையும் விழுங்கினான்.

அவன் மட்டும்தான் அந்த வார்டில் எதையும் முகரவில்லை. தன் வாடை தனக்குத் தெரியாது, யாருக்குமே அப்படித்தான்.

நாளாக ஆக வாசனை கெட்டிப்பட்டது. வராந்தா தாண்டி, மருந்து வாங்கும் வரிசை தாண்டி, மழை வருவதற்கு முன் காற்று ஊருக்குள் நுழைவதுபோல பேருந்து நிலையம் வரைக்கும் போனது. கண்டக்டர்கள் விசில் ஊத மறந்தார்கள். அதே வேகத்தில் கொம்பையா சுருங்கினான். பேச்சு குழறியது. மூச்சு, மாடி ஏறி வந்தவன்போல வாங்கியது. ஞானசிகாமணிக்கு அது புரிந்தது. புரிந்தும், காலை ஒரு தடவை சுற்றி வருகிறவர் இப்போது மத்தியானமும் வந்தார், சாயங்காலமும் வந்தார், குனிந்தார், சாக்பீஸையும் சேலையையும் ஈரக் குடையையும் மூச்சில் வாங்கிக்கொண்டு நிமிர்ந்தார். ஜலதோஷம் அவருக்கு வாரக்கணக்கில் நீண்டது. ஒருநாள் அவன் இழுத்த மூச்சு திரும்ப வரத் தாமதமாகி, அந்த இடைவெளியில் வாசனை அப்படியே பொங்கி முகத்தில் அடித்தபோதுதான், பயல் செத்துக்கொண்டிருக்கிறான், நாம் சுவாசித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது.

"சிஸ்டர், இவன் உடம்புல உண்மையான வாடை ஒண்ணு இருக்கு. அதுக்கு மேல நம்ம ஏக்கம் மூடிக்கிட்டிருக்கு. அந்த வாடை தெரிஞ்சாத்தான் வியாதி தெரியும். எதுக்கும் ஏங்காத ஓர் ஆள் வேணும்."

"எதுக்கும் ஏங்காத ஆளா? எங்க போய்த் தேட, சார்?"

"தேடுங்க."

தேடினார்கள். ஊரின் பெரிய நகைக்கடைக்காரரைக் கூட்டிவந்தார்கள், எல்லாம் உள்ளவர் என்று; அவர் குனிந்ததும், பட்டினி நாளில் பக்கத்து வீட்டு இட்லிப் பானையிலிருந்து வந்த ஆவி மணக்கிறது என்று சொல்லிக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி ஒரு மாதம் ஆன நர்ஸ் ஒருத்தி சிரித்துக்கொண்டே வந்து குனிந்து, சிரிப்பு நின்று, விடுப்புக் கேட்டு அம்மா வீட்டுக்குப் போனாள். மலையடிவாரத்தில் பேச்சை விட்டு உட்கார்ந்திருந்த சாமியாரை ஜீப் அனுப்பி அழைத்தார்கள். அவர் குனிந்து, வருஷக்கணக்காகத் திறக்காத வாயைத் திறந்து, "யாரு இங்க கடுகு தாளிச்சது?" என்றார். பிரசவ வார்டிலிருந்து அன்று பிறந்த குழந்தையைத் தூக்கி வந்தார்கள். ஏங்க அதற்கு நேரமே கிடைக்கவில்லை அல்லவா. அது கொம்பையாவின் பக்கம் முகத்தைத் திருப்பி, வாயைக் குவித்து, பாலுக்கு அழுதது.

"அடுத்து," என்றார் ஞானசிகாமணி.

அடுத்து யாரும் இல்லை.

அப்போதுதான் பாக்கியத்தாய், மருந்துத் தட்டைத் துடைக்கிற பாவனையில் தலையைக் குனிந்துகொண்டு, "சார், ஒண்ணு சொல்லுதேன், கோவிக்கக்கூடாது," என்றாள்.

"சொல்லித் தொலைங்க."

"உங்க வீட்டம்மா. அன்னைக்குப் பெட்டியத் தூக்கிட்டுத் தெருவுல இறங்கிப் போனவங்க, முக்கு திரும்புத வரைக்கும் ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கலன்னு தெருவே சொல்லும். அதுக்கப்புறமும் பாக்கல. அவ்வளவு தெளிவா இந்த ஊருல வேற யாரு இருக்கா?"

ஞானசிகாமணி கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்கே அது முந்தின நாளே தோன்றியிருந்தது. தோன்றினதும், அதில் ஒரு வைத்தியரின் எண்ணம் எவ்வளவு, ஒரு புருஷனின் எண்ணம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாமல் அப்படியே போட்டுவைத்திருந்தார். அவள் குனிந்து அவருடைய வாசனையைச் சொல்லிவிட்டால்? பதினோரு வருஷத்துக்கு அப்புறம், ஊர் பார்க்க, சொல்லிவிட்டால்?

ரூபாவதி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். ஆரம்பப் பள்ளியில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவள். ஞாயிற்றுக்கிழமை, அவள் கோயில் ஆராதனை முடிந்து வந்து சேலையை மடித்துக்கொண்டிருக்கும்போது அவர் போய் நின்றார். கதவைத் திறந்தவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன டாக்டர், யாரு செத்தா?"

"யாரும் சாகலை. ஒருத்தன் சாகப்போறான்."

"அதுக்கு நான் என்ன செய்ய? ஜெபமா?"

"மோந்து பாக்கணும்."

அவள் சிரித்தாள். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. "ஊரே போயிட்டு வருது. என் பழைய ஹெட்மிஸ்ட்ரஸ் நடக்க முடியாம ஆட்டோ வச்சுப் போனாங்க. நான் ஏன் போகலைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவருக்கு நாக்கு நுனியில் பதில் இருந்தது. எந்தக் கேள்விக்கும் அது அங்கே இருக்கும். கஷ்டப்பட்டு அதை விழுங்கிவிட்டு, "ஏன்?" என்றார்.

ரூபாவதி மடித்த சேலையைக் கீழே வைத்தாள். இந்த மனிதர் அந்தக் கேள்வியைக் கேட்டு அவள் பார்த்ததில்லை. வீட்டை விட்டு இறங்கின சாயங்காலமும் அவள் ஒரு வாக்கியத்தின் பாதியில்தான் இருந்தாள். சுருக்கமாச் சொல்லு என்று அவர் சொன்னார், அவள் சுருக்கமாக, போறேன் என்று சொன்னாள்.

"போய்க் குனிஞ்சு, எனக்கு என்ன வேணும்னு யாரோ ஒரு வியாதிக்காரன் சொல்லித் தெரிஞ்சுக்கணுமா?" என்றாள். "அதான் போகலை. இப்ப நீங்க கேக்குறீங்க. அவன் சாவான்னு சொல்றீங்க. வாரேன். ஆனா என்ன மணத்தாலும் உள்ளதைச் சொல்வேன். உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம்."

அவள் வார்டுக்குள் நுழைந்தபோது வரிசை தானாகவே விலகியது. டாக்டர் சம்சாரம், டாக்டர் சம்சாரம் என்று ஒரு முணுமுணுப்பு கட்டிலுக்குக் கட்டில் தாவியது. மீரான் இருமலை அடக்கிக்கொண்டார். பேச்சியம்மா முக்காடு போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றாள். கைதி எழுந்து உட்கார்ந்தான், போலீஸ்காரர் அதட்டவில்லை. ரூபாவதி கட்டில் பக்கத்தில் போய், முதலில் கொம்பையாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வரிசையில் வந்தவர்கள் யாரும் அப்படிச் செய்ததில்லை. பிறகு குனிந்தாள்.

குனிந்த வேகத்தில் நிமிர்ந்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"சாக்ஸ்," என்றாள்.

"என்னது?"

"ஊறின சாக்ஸ். ஷூவுக்குள்ளயே கிடந்து வேர்வையில புளிச்ச சாக்ஸ். இதுக்கா இவ்வளவு கூட்டம்?"

பேச்சியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாக்கியத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. ஞானசிகாமணியின் வீட்டு நடப்பு ஊருக்குத் தெரியாததா? சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஷூவை ஒரு மூலையிலும் சாக்ஸைச் சாப்பாட்டு மேசைக்கு அடியிலும் உதறிவிட்டுப் போகிறவர் அவர், அதைப் பொறுக்கிப் பொறுக்கியே ரூபாவதி டீச்சருக்கு முதுகு வளைந்தது என்று பேச்சு. "உங்க சாக்ஸுதான், சார்," என்று பாக்கியத்தாய் அவர் காதோரம் சொன்னாள். மீரான், மாப்பிள்ளையை வாழ்த்துவதுபோலக் கையைத் தூக்கினார். கைதிகூடச் சிரித்தான். பதினோரு வருஷமாகத் திரும்பிப் பார்க்காதவள் உள்ளுக்குள் இவருடைய அழுக்குச் சாக்ஸுக்கு ஏங்கிக்கொண்டிருந்தாள் என்று வார்டே தீர்மானித்துவிட்டது, தீர்மானித்து மகிழ்ந்தும்விட்டது.

ஞானசிகாமணி மட்டும் அசையாமல் நின்றார். ஏனென்றால் அவர் மாணவனாக இருந்தபோது, ஒரு தடித்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில், கோடியில் ஒருவருக்கு வரும் வியாதிகளுக்கு நடுவே, இப்படி ஒன்றைப் படித்திருக்கிறார். புரதத்தை உடைத்து முடிக்கத் தெரியாத உடம்பு, பிறவியிலேயே அப்படி, பால், முட்டை, கறி எது போனாலும் பாதியில் நின்று அமிலமாகி ரத்தத்தைப் புளிக்க வைக்கும், அப்போது அந்த ஆளின் மேல் ஒரு வாடை வரும். அந்தப் புத்தகத்தில் அந்த வாடைக்குச் சொல்லியிருந்தது வேர்வையில் ஊறின சாக்ஸ் என்றுதான்.

இரண்டில் ஒன்று. அது வியாதியின் வாடை என்றால் கொம்பையா பிழைப்பான். ஆனால் அப்படியானால் ரூபாவதிக்கு ஏக்கம் எதுவும் இல்லை. அது ரூபாவதியின் ஏக்கம் என்றால், அவளுக்கு அவர் வேண்டும்; கொம்பையாவின் வியாதி என்னவென்று இன்னும் யாருக்கும் தெரியாது, அவன் சாவான். எது என்று அறிய இன்னும் வராத பெங்களூர் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். இவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். கேட்டுவிட்டால் தெரிந்துவிடும்.

"ஒரு நாற்காலி கொண்டாங்க, சிஸ்டர்," என்றார்.

பாக்கியத்தாய் தன் அறைக்குப் போய் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வரும் நேரம், அவ்வளவு நேரம்தான் அவர் எடுத்துக்கொண்டார். அந்த நேரத்துக்கு வார்டு நம்பியதை அவரும் நம்பிக்கொண்டு நின்றார். எல்லோரும் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரூபாவதி முந்தானையை இறக்கிவிட்டு, கொம்பையாவின் போர்வையைச் சரிசெய்தாள். நாற்காலி வந்தது. உட்கார்ந்தார். அந்த வார்டில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"தம்பி, சின்ன வயசிலேருந்து உனக்கு என்ன சாப்பிட்டா ஆகாது? மெதுவாச் சொல்லு."

கொம்பையா சொன்னான். நாக்கு குழற, நடுநடுவே தூங்கி விழுந்து, சொன்ன இடத்தை மறந்து திரும்ப ஆரம்பித்துச் சொன்னான். முட்டை வாசமே ஆகாது. பால் குடித்தால் வயிற்றைப் புரட்டும். ஹாஸ்டலில் முட்டை போடுகிற நாளில் வார்டன் பிரம்போடு நிற்பார், விழுங்கிவிட்டு இரண்டு நாள் எழுந்திருக்காமல் தூங்குவான், சோம்பேறி என்று மறுபடி அடிப்பார். பரோட்டாக் கடையில் சேர்ந்தும் வெறும் சோறும் ரசமும்தான், மாஸ்டர் ஐயராகிவிட்டார் என்று கேலி பண்ணுவார்கள். முதலாளி மகள் கல்யாணத்தில் முதலாளியம்மா தானே பரிமாறினதால் மறுக்க முடியவில்லை. "இங்கயும் அப்பிடித்தான், சார். அன்னைக்கே சொல்ல வந்தேன். அப்புறம் எல்லாரும் வந்து சாப்பிடு சாப்பிடுன்னாங்களா, வேணாம்னு சொல்ல மனசு வரல."

ஞானசிகாமணி கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டார். பிறகு எழுந்தார்.

"நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா?" என்று ரூபாவதி கேட்டாள். அவர் முகத்தை அவளுக்குத் தெரியும்.

"இல்ல. சரியாச் சொன்னே."

முட்டையை நிறுத்து, பாலை நிறுத்து, எல்லாவற்றையும் நிறுத்து என்றார். சர்க்கரைத் தண்ணீர் ஏற்றச் சொன்னார். அமிலத்தைக் கட்டி வெளியே இழுத்துப் போகும் மருந்து இரண்டு, சென்னையிலிருந்து பேருந்தில் வரச் சொல்லிப் போன் போட்டார். வார்டுக்கு அப்போதுதான் விளங்கியது.

"அப்ப வாசன போயிருமா, டாக்டரே?" என்றார் மீரான்.

"போயிரும்."

"ரெண்டு நாள் கழிச்சு ஆரம்பிச்சா என்ன?"

"அதுவரைக்கும் இவனுக்குப் பதிலா மூச்சு யாரு விடுவா, நீரா? உமக்கே இழுக்குது."

மீரான் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பேச்சியம்மா, நாங்க ஊட்டின முட்டையா அந்தப் பிள்ளையை இப்படி ஆக்குச்சு என்று அழுதாள். அவள் அழுததைப் பார்த்து இன்னும் சிலர் அழுதார்கள். அது முட்டைக்கா வாசனைக்கா என்று அவர்களுக்கே தெரியாது. மருந்து வந்து சேர்ந்த காலையில், எல்லோரும் ஒருமுறை வந்து குனிந்துவிட்டுப் போகட்டும் என்று ஞானசிகாமணி பொறுத்திருந்தார். கைதியின் விலங்கை அவிழ்த்துக் கூட்டிவரவும் போலீஸ்காரர் சம்மதித்தார். கடைசியில் அவரும் குனிந்தார். சாக்பீஸ், கஞ்சி, ஈரக் குடை. நிமிர்ந்து, மருந்துக் குழாயின் திருகைத் தன் கையாலேயே திறந்துவிட்டார்.

சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கியது, கொஞ்சம் கொஞ்சமாக வாசனை எழுந்து போனது. பேருந்து நிலையத்திலிருந்து முதலில் போனது, பிறகு மருந்து வரிசையிலிருந்து, பிறகு வராந்தாவிலிருந்து. கோரைப்பாய் சுருட்டிக்கொண்டு போனது, புரொஜெக்டர் குளிர்ந்தது, மொட்டைத் தலையின் சந்தனம் காய்ந்து உதிர்ந்தது, கடுகு அடங்கியது, இட்லிப் பானையின் ஆவி ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே ஒருகணம் தயங்கிவிட்டு வேப்பமரத்துக்கு மேலே போய்விட்டது. யாரோ எழுந்து மின்விசிறியைப் போட்டார்கள். பேச்சியம்மா வாளியில் பினாயில் ஊற்றினாள். நெஞ்சுவலிக்காரர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். கேட் பக்கத்துக் கடைக்காரன் மறுபடி டீ போட்டான்.

ஞானசிகாமணி வேளைக்கு வேளை வந்து பார்த்தார். கொம்பையா கண் திறந்தான். பேச்சு தெளிந்தது. ரத்தத்தின் புளிப்பு இறங்கியது. ஒவ்வொரு சோதனை முடிவும் நன்றாக வந்தது, ஒவ்வொன்றும் அவருக்கு அதே பதிலைத் திரும்பச் சொன்னது. வியாதி சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அவளுக்கு ஏக்கமில்லை. இதற்கு மேல் ஒரு டாக்டருக்கு என்ன வேண்டும்?

கொம்பையாவின் கட்டிலுக்கு இப்போது யாரும் வருவதில்லை. அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வருகிறவர்கள் எதற்கு வந்தார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் பார்வையாளர் நேரத்துக்கு மணி அடித்ததும் எழுந்து உட்கார்ந்து தலையைக் கையால் கோதிக்கொள்வான். நேரம் முடிந்ததும் படுத்துக்கொள்வான்.

ஒரு மத்தியானம் அப்படி அவன் தலையைக் கோதிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ரூபாவதி தூக்குவாளியோடு வந்தாள். அரிசிக் கஞ்சி. உப்பும் ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாயும், வேறு ஒன்றும் இல்லை. தட்டில் ஊற்றி ஸ்பூனைக் கையில் கொடுத்து, "சாப்பிடு," என்றாள். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன, அழுறியா? கஞ்சி நீர்த்துப்போகும். சாப்பிடு."

சாப்பிட்டான். சுற்றுக்கு வந்த ஞானசிகாமணி கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கஞ்சி போட்டுத் தேய்த்த சேலைதான் கட்டியிருந்தாள். ஆனால் நடுவில் பினாயில் வாடை, அவருக்கு ஒன்றும் எட்டவில்லை.

"அன்னைக்கு இவனைச் சுத்தி இத்தனை பேர் நின்னாங்க," என்றாள் அவள், அவரைப் பார்க்காமல். "இன்னைக்கு ஒருத்தரையும் காணோம்."

"வாசனைக்கு வந்தவங்க."

"எனக்கு நாத்தம்தானே அடிச்சது. வீட்டுக்குப் போயும் இவன் நெத்தி சுட்டது கையிலயே இருந்துச்சு. சரி, என்ன ஆனான்னு பாத்துட்டு வருவோம்னு வந்தேன்." தட்டில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். "எப்ப அனுப்புவீங்க இவனை?"

ஞானசிகாமணி கொம்பையாவின் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி கடிகாரம் போல ஓடியது. கண் வெளுப்பு இல்லை, நாக்கு ஈரமாக இருந்தது. நாளைக் காலையில் அனுப்பலாம். இன்றைக்கே அனுப்பலாம்.

"சொல்ல முடியாது," என்றார்.

"ஏன், நல்லாத்தானே இருக்கான்?"

"பாத்தா அப்படித்தான் தெரியும். கொஞ்ச நாளைக்குக் கஞ்சி குடிச்சா நல்லது."

ரூபாவதி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கொம்பையா ஸ்பூனை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான், மறுபடி டாக்டரைப் பார்த்தான்.

"ஆமா, டீச்சர்," என்றான். "எனக்கும் இன்னும் லேசாக் கிறக்கமாத்தான் இருக்கு."